சுவரைப் பார்க்கும் அக்கா

முதலில் துணி. மூக்குக்கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியை நான்காக மடித்து, திரையில் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. அடுத்து, போனை மேசைமேல் அதன் சொந்தக்காரப் பெண் பக்கமாகத் திருப்பி வைத்தாயிற்று. மேசைக்கு இந்தப் புறம் இருப்பவருக்கு எழுத்தெல்லாம் தலைகீழ். அந்தக் கைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வலது கையின் ஆட்காட்டி விரல் மட்டும் நீண்டு, அமைப்புகள், வைஃபை, பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பான இணைப்பு என்று மூன்றே தட்டில் போய் நின்றது. பழைய பதிவை மறக்கச் சொன்னது. புதிதாகச் சேரச் சொன்னது. மாணவி தன் பதிவெண்ணைச் சொல்லச் சொல்ல, தலைகீழாகவே தட்டியது. கடவுச்சொல் கட்டம் வந்ததும் சட்டென்று பின்வாங்கியது.

“இது உன் வேலை.”

சுழல் நாற்காலி கிறீச்சிட்டு அரைவட்டம் அடித்து, சுவரைப் பார்த்து நின்றது.

“அடிச்சாச்சா?”

“அடிச்சாச்சு அக்கா.”

“கீழ இருக்கிற பொத்தானைத் தொடு.”

“தொட்டாச்சு.”

நாற்காலி மறுபடி திரும்பியது. திரையின் மூலையில் விசிறி மாதிரி சின்னதாக மூன்று கோடு. மறுபடி துணி, மறுபடி ஒரே இழுப்பு. “இந்தா. அடுத்தது யாரு?”

அந்த வளாகத்தில் அவளை வைஃபை அக்கா என்றால்தான் தெரியும். பிள்ளைகள் மட்டுமல்ல, அவளைவிடப் பத்து வயது மூத்த பேராசிரியர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அதுவே பதவிப் பெயர் ஆகிவிட்டது. வீட்டில் அவளுடைய கணவர், பேக்கரியில் ரொட்டி போடுகிறவர், வம்புக்கென்றே, “வைஃபை அக்கா, சட்னி இருக்கா?” என்று கேட்பார். அவரிடம் இருந்தது பொத்தான் போன். பேக்கரி மாவு எதில் பட்டாலும் ஒட்டும், அதனால் பொத்தான்தான் தாங்கும் என்பது அவர் கட்சி. உலகத்துக்கெல்லாம் இணைப்புக் கொடுக்கிறவள், சொந்தப் புருஷனை மட்டும் இணைக்க முடியாமல் விட்டிருந்தாள்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் இதே அறைக்கு ஜெராக்ஸ் எடுக்கிற வேலைக்கு வந்தாள். பள்ளிக்கூடப் படிப்போடு சரி. ஒரு மெஷின், ஒரு மேசை, ஒரு மின்விசிறி. ஜெராக்ஸ் எடுக்கிறவர்களுக்கு ஒரு வித்தை தன்னாலே வந்துவிடும். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் நீட்டுகிற தாளை, வாங்குவதற்கு முன்பே தலைகீழாகப் படித்துவிடுவார்கள். எத்தனை பக்கம், இரண்டு புறமா, ஓரம் வெட்டுமா என்று நீட்டும்போதே தெரிந்தாக வேண்டுமே. அப்படித் தலைகீழாகவே அவள் மண்ணியலும் சட்டமும் கொஞ்சம் மருத்துவமும் படித்திருந்தாள். எதையும் முழுதாக இல்லை, ஒவ்வொன்றிலும் நடுப்பக்கங்கள்.

பல்கலைக்கழகத்துக்கு வைஃபை வந்தபோது, பிள்ளைகளின் போனையும் மடிக்கணினியையும் சேர்த்துவிட ஒரு இடம் வேண்டும் என்றார்கள். காலியாக ஒரு பிளக் பாயின்ட் இருந்த ஒரே அறை ஜெராக்ஸ் அறை. ஒரு பொறியாளர் வந்தார், கூரையில் வைஃபை பரப்புகிற வெள்ளைத் தட்டு ஒன்றை மாட்டினார், நாற்பது பக்கக் கையேட்டைக் கொடுத்து இருபது பிரதி எடுக்கச் சொன்னார், போய்விட்டார். கையேடு முழுவதும் அவள் கைவழியே போனது. நாற்பது பக்கத்தையும் இருபது தடவை பார்த்தவர் அந்த வளாகத்தில் அவள் ஒருத்திதான்.

அதைப் படித்த கையோடு, வைஃபையில் சேரும் வழியை எட்டே வரியில் ஒரு சீட்டாக எழுதினாள். அலுவலகத்தின் நான்கு பக்க விளக்கத்தை யாரும் படிப்பதில்லை. அக்காவின் எட்டு வரியை எல்லோரும் படித்தார்கள். ஒவ்வொரு வரியும் ஒரே ஒரு வேலையைச் சொல்லும். ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்றால் அவள் மூன்று நாள் யோசிப்பாள். பத்து வருஷத்தில் ஒரு வரி கூடவில்லை, குறையவும் இல்லை. அதில் அவளுக்கு ஒரு சின்ன கர்வம்.

சுவர்ப் பக்கம் திரும்புகிற வழக்கத்தை மட்டும் எந்தக் கையேடும் சொல்லித்தரவில்லை. முதல் வருஷம் ஒரு பெண் கடவுச்சொல் தட்டியபோது, தலைகீழாகப் படிக்கிற கண் சும்மா இருக்குமா, படித்துவிட்டது. ஒரு பையனின் பெயர், பின்னால் ‘உயிர்’. அடுத்த மாதம் அதே பெண் மூக்கு சிவக்க வந்து நின்று, “அக்கா, கடவுச்சொல்லை மாத்தணும், இப்பவே மாத்தணும்,” என்றாள். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படித்தது போல அக்காவுக்கு உடம்பு கூசியது. அன்றே தன் செலவில் சுழல் நாற்காலி ஒன்று வாங்கினாள். அவள் பார்க்கிற சுவரில் தினம் ஒரு தாள் கிழிக்கிற நாட்காட்டி ஒன்று தொங்கியது. ஒரு நாளைக்கு நூறு முறையாவது அதைப் பார்ப்பாள்.

அந்த வியாழக்கிழமை மதியம் ஒன்றே காலுக்கு, வரிசையை விலக்கிக்கொண்டு பஸ் டிரைவர் வந்தார். வளாகத்துக்கும் ரயிலடிக்கும் நடுவே போய்வருகிற பல்கலைக்கழகப் பஸ்ஸை ஓட்டுகிறவர். காக்கிச் சட்டை நனைந்திருந்தது. மார்போடு ஒரு டேப்லெட்டை அணைத்திருந்தார்.

“தங்கச்சி, சேர மாட்டேங்குது.”

“உக்காருங்க அண்ணே. மூச்சு விடுங்க. எத்தனை மணிக்கு?”

“ரெண்டு மணிக்கு. மாடியில. ஒண்ணு அம்பத்தஞ்சுக்குக் கதவைச் சாத்திடுவாங்க.”

வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாருக்கும் விஷயம் தெரியும். ஊழியர்களும் படிக்கலாம் என்ற திட்டத்தில் டிரைவர் பட்டப்படிப்பில் சேர்ந்தது ஏழு வருஷத்துக்கு முன்பு. பாடம் புவியியல். “தினமும் அதே ஏழு கிலோமீட்டர் ஓட்டுறவருக்கு எதுக்குண்ணே உலக வரைபடம்?” என்று பஸ்ஸில் கேலி செய்வார்கள். “வழி தவறிட்டா வேணுமே,” என்பார் அவர். பஸ் திரும்பும் இடங்களில் மலைத்தொடர்களின் பெயரைச் சொல்லிப் பார்ப்பார். நிறுத்தம் வந்தால் ஏதாவது ஒரு நதியின் பெயரைச் சொல்லி இறங்கச் சொல்வார். பதினேழு தாள் எழுதித் தேறிவிட்டார். பதினெட்டாவது, போன தடவை, பஸ் நடுவழியில் நின்றுபோனதால் கை நழுவியது. ஏழு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. இன்று விட்டால் பதினேழும் சேர்ந்து போய்விடும்.

அந்தத் தேர்வை எழுதுவது கணினிச் செயலியில். செயலி பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பான வைஃபைக்குள் இருந்தால்தான் திறக்கும். அதுவும் அவரவர் முன்கூட்டிப் பதிவு செய்த கருவியில் மட்டும். கருவியை மாற்ற மூன்று வேலை நாள் ஆகும். டிரைவரிடம் இருந்தது பொத்தான் போன். ஆகவே, தன் மனைவிக்கு அவள் தம்பி பரிசாகக் கொடுத்த டேப்லெட்டை, அவளிடம் கெஞ்சி வாங்கிப் பதிவு செய்திருந்தார். இரண்டு வாரத்துக்கு முன்பு அதே மேசையில், அக்கா கையால்தான் அது வைஃபையில் சேர்ந்தது.

“அன்னைக்குச் சேர்ந்துச்சுல்ல?”

“ஒரே தட்டுல சேர்ந்துச்சு தங்கச்சி. அப்புறம் வீட்டுக்குக் கொண்டு போனேன். வீட்ல இணைப்பு ஏது? இறக்கி வெச்ச பாடத்தைப் படிச்சேன், அவ்வளவுதான். இன்னைக்கு எடுத்தா, முடியாதுங்குது.”

துணி. ஒரே இழுப்பு. டேப்லெட் டிரைவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தது. விரல் போய்த் தொட்டது. வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது. ‘இணைக்க முடியவில்லை.’ ஏன் என்று ஒரு வார்த்தை கிடையாது. கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

“கடவுச்சொல்லை நீங்களே ஒரு தடவை அடிங்க. நிதானமா.”

நாற்காலி திரும்பியது. டிரைவர் இரண்டு விரலால் தட்டுவார். அதில் ஒன்று எப்போதும் தவறான விரல். அக்கா நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு. வியாழன். பதினான்கு. வியாழன்.

“அடிச்சிட்டேன்.”

முடியவில்லை.

“சரி, கடவுச்சொல் தப்பா, இல்ல டேப்லெட் தப்பா, அதை முதல்ல பிரிச்சிடுவோம்.” இழுப்பறையிலிருந்து சோதனைக்கென்று வைத்திருந்த பழைய போனை எடுத்தாள். “இதுல உங்க பேரைப் போட்டு அடிங்க.” நாற்காலி திரும்பியது, டிரைவர் தட்டினார், நாற்காலி திரும்பியது. மூன்று கோடு பளிச்சென்று வந்தது. வரிசையில் யாரோ கை தட்டினார்கள்.

“பாத்தீங்களா, உங்க மேல ஒரு தப்பும் இல்ல.” அந்தப் போனில் இருந்து அவர் பெயரை அழித்துவிட்டு அதை உள்ளே வைத்தாள். “இப்ப இந்த அம்மாவுக்கு என்ன கோபம்னு மட்டும் பாக்கணும்.”

மணி ஒன்று இருபத்தாறு. எட்டு வரியையும் முதலிலிருந்து செய்தாள். அணைத்து ஏற்றினாள். பழைய பதிவை மறக்கச் சொல்லிப் புதிதாகச் சேர்த்தாள். முடியவில்லை. டிரைவரின் முழங்கால் மேசையின் அடியில் பஸ் இன்ஜின் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து கணினிப் பிரிவின் தலைவர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் எந்தக் கருவி எந்த வியாதியோடு வந்தாலும் ஒரே மருந்துதான் சொல்வார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் அழிச்சிடு சார்.

“என்னாச்சு?”

“சேர மாட்டேங்குது சார்.”

“அழிச்சிடு. மொத்தத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பி. பத்து நிமிஷம்.”

“அழிச்சா, செயலியோட இவர் பதிவும் போயிடும் சார். புதுக் கருவின்னு சொல்லிடும். மூணு வேலை நாள்.”

“அப்படியா?” தலைவர் தலையைச் சொறிந்தார். “அப்ப அழிக்காத.” இருபது வருஷப் பணியில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்துவிட்டு, போகாமல் கதவோரம் நின்றுகொண்டார்.

“அண்ணே, அன்னைக்கும் இன்னைக்கும் நடுவுல இதை வேற யாராவது தொட்டாங்களா?”

“யாரு தொடப் போறா? நானும் உங்க அண்ணியும்தான். நான் படிச்சு முடிச்சதும் அவ எடுத்து அந்தத் தோட்டம் வெளையாடுவா. விதை போடுறது, தண்ணி ஊத்துறது. அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கும். அமைப்புப் பக்கமே போகமாட்டா.”

“சரி. இன்னும் ஒரே ஒரு தடவை அடிங்க.”

அவள் திரும்பினாள். டிரைவரின் விரல்கள் தேடித்தேடி இறங்கும் சத்தம் பின்னால் கேட்டது. எதிரே நாட்காட்டி. பதினான்கு. வியாழன். இன்று காலை கிழித்த தாளின் மிச்சம் கம்பியில் தொங்கியது.

“ஐயோ, தூங்கிடுச்சு தங்கச்சி. நான் யோசிச்சு அடிக்கிறதுக்குள்ள வெளக்கு அணைஞ்சு போச்சு.”

நாற்காலி திரும்பியது. அக்கா பக்கத்துப் பொத்தானை அழுத்தினாள். பூட்டுத் திரை எரிந்தது. பெரிதாக மணி. அதன்கீழ் சின்ன எழுத்தில் கிழமையும் தேதியும். தலைகீழாகத்தான் தெரிந்தது. விரல் அந்தரத்தில் நின்றது.

“அண்ணே, இன்னைக்கு என்ன கிழமை?”

“வியாழன். பரீட்சை வியாழன்தான தங்கச்சி? வியாழன்தான?” டிரைவர் பாதி எழுந்துவிட்டார்.

“வியாழன்தான், பயப்படாதீங்க. ஆனா இது செவ்வாய்ங்குது.”

தேதி பதினான்கு. மாதமும் அதே மாதம். மணியும் நிமிஷம் பிசகாமல் சரி. கிழமை மட்டும் செவ்வாய். பதினான்காம் தேதி ஒரே மாதத்தில் வியாழனாகவும் செவ்வாயாகவும் இருக்க முடியாது. ஒரே வருஷமாக இருந்தால்.

அவள் தேதி அமைப்பைத் திறந்தாள். பூட்டுத் திரை காட்டாத ஒன்றை அது காட்டியது. வருஷம். இன்றைக்கு நான்கு வருஷம் தாண்டிப் போய் உட்கார்ந்திருந்தது டேப்லெட்.

அக்காவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று டிரைவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

“அண்ணே, அண்ணிக்கு ஒரு போன் போடுங்க. எல்லாரும் கேக்கிற மாதிரி.”

மணி போனதும் டிரைவரின் மனைவி எடுத்தார். “என்னங்க, முடிஞ்சுதா? எழுதிட்டீங்களா?”

“எங்க எழுதுறது, இன்னும் உள்ளயே போகல. ஏம்மா, நீ டேப்லெட்ல தேதியை ஏதாச்சும் மாத்தினியா?”

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

“ஏம்மா?”

“பூசணிக்கு ஆறு மணி நேரம் ஆகும்ங்குதுங்க. பருத்திக்கு ரெண்டு நாள். யாரு உக்காந்திருக்கிறது? எதிர்வீட்டுப் பொண்ணுதான் சொன்னா, தேதியைத் தள்ளி வெச்சா உடனே வெளஞ்சுடும்னு. நாள் நாளாத் தள்ளினா நீங்க பாத்துடுவீங்கன்னு, வருஷம் வருஷமாத் தள்ளினேன். தேதி மாதம் அப்படியே இருக்கும்ல, யாருக்குத் தெரியப் போகுது?”

அறை வெடித்தது. அழிச்சிடு சார் கதவில் சாய்ந்து கண்ணைத் துடைத்தார். டிரைவர் மட்டும் வாயைத் திறந்தபடி இருந்தார். “நாலு வருஷமா? ரெண்டே வாரத்துலயா?”

“நாலு அறுவடைங்க,” என்றது போன், கொஞ்சம் பெருமையாகவே.

“அண்ணி, நான் வைஃபை பாக்கிறவ பேசுறேன். விஷயம் இதுதான்.” அக்கா வரிசைக்கும் சேர்த்தே சொன்னாள். “நம்ம வைஃபை, சும்மா திறந்து கிடக்கிற வாசல் இல்ல. உள்ள விடுறதுக்கு முன்னாடி நம்மகிட்ட பேரு கேக்கும். அதுக்கும் முன்னாடி, ‘நான்தான் உங்க பல்கலைக்கழகம், வேஷம் போட்டுட்டு வந்த ஆள் இல்ல’ன்னு தன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டும். அந்த அட்டைக்கு ரெண்டு வருஷம் ஆயுசு. உங்க டேப்லெட் நாலு வருஷம் தள்ளி நின்னுக்கிட்டு அட்டையைப் பாக்குது. ‘இது காலாவதி ஆன அட்டை, இவங்ககிட்ட கடவுச்சொல்லைக் கொடுக்க மாட்டேன்’ங்குது. அது தப்பே பண்ணல. ரொம்ப நல்ல பிள்ளை. நாமதான் அதுக்குத் தப்பான வருஷத்தைச் சொல்லிட்டோம்.”

“அப்ப தேதியைத் திருப்பி வெச்சா சேர்ந்துடுமா?” என்றது போன்.

“சேர்ந்துடும். ஆனா உங்க தோட்டம்...”

“தெரியும் தங்கச்சி. எதிர்வீட்டுப் பொண்ணு அதையும் சொன்னா. பின்னால வெச்சா, அந்த வருஷம் நெஜமா வர்ற வரைக்கும் பூட்டிக்கும்.” ஒரு பெருமூச்சு வந்தது. “நாப்பது பாத்தி.”

“ஏம்மா, என் பரீட்சை முக்கியமா உன் பூசணி முக்கியமா?” என்றார் டிரைவர்.

“அந்தக் கேள்வியை மட்டும் கேக்காதீங்க. பதில் சொன்னா வருத்தப்படுவீங்க.” மறுபடி அறை சிரித்தது. “திருப்பி வைங்க. வைங்க, பரவாயில்லை. ஏழு வருஷமா நீங்க நதி பேரு ஒப்பிச்சு நான் கேட்டுக் கேட்டு எனக்கே பாதி வந்துடுச்சு. இன்னைக்கு நீங்க எழுதாம வந்தீங்கன்னா நானே போய் எழுதிட்டு வந்துடுவேன்.” குரல் கொஞ்சம் தாழ்ந்தது. “ஒண்ணே ஒண்ணு தங்கச்சி. காலையில வெச்ச பூசணி இப்ப பழுத்திருக்கும். பூட்டுறதுக்கு முன்னாடி பறிச்சிடலாமா? நாலு வருஷம் பாத்தியிலயே கிடந்து அழுகும்.”

டிரைவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “நேரம் இல்லம்மா!”

அக்காவும் பார்த்தாள். ஒன்று முப்பத்தேழு. தேதியை மாற்ற அரை நிமிஷம். இணைக்க ஒரு நிமிஷம். அண்ணன் இரண்டு விரலால் தட்ட இரண்டு நிமிஷம், தூங்கிப் போனால் மூன்று. மாடிப்படி ஏற இரண்டு. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு நான்கு. அவள் எப்போதும் கணக்கைப் பெருக்கியே வைப்பாள்.

“நாலு நிமிஷம் இருக்கு அண்ணி. எங்கிருந்து ஆரம்பிக்கணும்?”

“மேல் வரிசை. கொடிய இழுக்காத, காயைத் தொடு.”

டேப்லெட்டில் தோட்டம் திறந்தது. நாற்பது பாத்தியிலும் ஆரஞ்சு நிறத்தில் பூசணி உட்கார்ந்து மினுங்கியது. அத்தனை வருஷத்தில் முதல்முறையாக அக்கா இரண்டு கையாலும் வேலை செய்தாள். அவள் தொட்டது ஒவ்வொன்றும் ‘பொளக்’ என்று குதித்துக் கூடைக்குள் விழுந்தது. வரிசை கலைந்து, பிள்ளைகள் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். “அக்கா, அந்த மூலையில ஒண்ணு!” “விட்டுட்டீங்க, இடது பக்கம்!” அழிச்சிடு சார் கழுத்தை நீட்டி, “கிணத்துக்குப் பின்னாடி ரெண்டு இருக்கு,” என்று சொல்லிவிட்டுத் தன் குரலைக் கேட்டுத் தானே வெட்கப்பட்டார்.

“முப்பத்தொம்பது... நாப்பது! முடிஞ்சுது அண்ணி.”

“பசு?”

“பசுவா?”

“வேலியோரம் நிக்கும். நாலு வருஷம் பட்டினி கிடக்கணும்ல, ஒரு கட்டு புல்லு போட்டுடு தங்கச்சி.”

டிரைவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். ஆனால் விரல் இடுக்கில் அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். புல் விழுந்தது. பசு தலையாட்டியது.

“இப்பப் பூட்டிக்கோ,” என்றது போன். “நாலு வருஷம் விவசாயம் இல்லன்னா நான் என்ன பண்றதாம்? பேசாம நானும் ஒரு பட்டத்துக்குச் சேர்ந்துடுறேன். என்ன பாடம்னு அவர்கிட்ட சொல்லாத தங்கச்சி. புவியியல்தான். அவரை விட ஒரு மார்க் கூட வாங்கணும்.”

“அதுக்கு டேப்லெட் யாருது?” என்றார் டிரைவர்.

“என் தம்பி கொடுத்தது. வெய்யிங்க போனை, நேரமாகுது.”

அக்கா தோட்டத்தை மூடினாள். தேதிக்குப் போனாள். வருஷத்தை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கீழே தள்ளினாள். தேதியைத் தானாகவே சரிபார்த்துக்கொள் என்ற பொத்தானைப் போட்டுவிட்டாள். கிழமை வியாழன் என்று மாறியது. வைஃபைக்குப் போனாள். பதிவெண்ணை அடித்தாள். டேப்லெட்டை டிரைவர் பக்கம் ஒரு விரற்கடை தள்ளினாள்.

“இது உங்க வேலை அண்ணே. அவசரப்படாதீங்க. திரை தூங்காம நான் பாத்துக்கிறேன்னு சொல்ல முடியாது, நான் இங்க சுவரைப் பாத்துட்டு இருப்பேன். நீங்கதான் பாத்துக்கணும்.”

நாற்காலி திரும்பியது. கூட்டமும் அவளோடு சேர்ந்து திரும்பியது, யாரும் சொல்லவில்லை. பிரிவின் தலைவர்கூடக் கதவைப் பார்த்துக்கொண்டார். பத்துப் பதினைந்து பேர் முதுகைக் காட்டி நிற்க, நடுவே டிரைவரின் இரண்டு விரல்களின் சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா சும்மா இருக்கவில்லை. சுவரோரம் அடுக்கியிருந்த எட்டு வரிச் சீட்டில் ஒன்றை உருவி, மடியில் வைத்து, சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்தாள். பத்து வருஷமாக எட்டோடு நின்ற சீட்டில் ஒன்பதாவது வரியை எழுதினாள். மூன்று நாள் யோசிக்கவில்லை. ‘உங்கள் கருவி இன்று என்ன கிழமை என்கிறது? நாட்காட்டியைப் பார்த்துச் சொல்லுங்கள்.’ ஒரு தடவை படித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

“அடிச்சிட்டேன் தங்கச்சி.”

“பொத்தான்?”

“தொட்டுட்டேன்.”

அக்கா உடனே திரும்பவில்லை. பின்னால் டிரைவர், “மகராசி!” என்று கத்தினார். டேப்லெட்டைச் சொன்னாரா, தன் மனைவியைச் சொன்னாரா, அக்காவையா என்று கேட்க நேரமில்லை.

நாற்காலி திரும்பியது. மூன்று கோடு. தேர்வுச் செயலியைத் தொட்டாள். அது டிரைவரின் பெயரைச் சொல்லி, பாடத்தைச் சொல்லி, இன்னும் பதினான்கு நிமிஷம் என்று சொன்னது. டிரைவர் எழுந்து கையை நீட்டினார்.

“இருங்க அண்ணே.”

அவள் மஞ்சள் துணியை எடுத்தாள். நான்காக மடித்தாள். நாற்பது பூசணி பறித்த விரல் ரேகையெல்லாம் திரையில் இருந்தது. மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. இன்னொரு இழுப்பும் இழுத்தாள். அது இன்றைக்கு மட்டும். பிறகு எழுந்து நின்று, எழுத்துகள் அவர் பக்கம் நேராக இருக்கும்படி பிடித்து, இரண்டு கையாலும் டேப்லெட்டை டிரைவரிடம் கொடுத்தாள்.